பழைய கார் ஸ்டீரியோவில் கம்பியில்லா ஒலி

மோட்டார் காரின் ஆயுள் வேறு; அதனுள் பொருத்தப்பட்டிருக்கும் மின்னணுக் கருவிகளின் ஆயுள் வேறு. நமது நாட்டுச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான கார் ஒன்றின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன் பின்னரும் வாகனம் தகுதியுடன் இருப்பின் ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் இசையைத் தாங்கி நிற்கும் சாதனமோ அந்தக் காலத்துக்குள் ஒரு முறையேனும் அடியோடு மாறிவிடுகிறது. காசெட் மறைந்து சி.டி. வந்தது, சி.டி.யும் மறைந்து, இன்று பாட்டும் செய்தியும் வழிகாட்டும் குரலும் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியில் அடங்கிவிட்டன. என்ஜினும் சக்கரங்களும் குறைவின்றி இயங்கும் கார்களில் ஸ்டீரியோ மட்டும் வாய்மூடிக் கிடக்கிறது. அதற்கு மீண்டும் வேலை கொடுப்பது எவ்வாறு, அவ்வேலையில் கவனிக்க வேண்டிய ஆபத்துக்கள் எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஹைதராபாத்தும் வானொலியும்

இத்தகைய வேலைக்குப் பெயர்பெற்ற நகரங்களில் ஹைதராபாத்தும் ஒன்று. வானொலி இந்நகருக்குப் புதிதன்று. 1935ஆம் ஆண்டு நிஜாம் அரசின் ஆதரவில் இங்கு டெக்கான் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. 1950ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அந்நிலையம் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. 1967ஆம் ஆண்டு இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பொரேஷன் இந்நகரில் நிறுவப்பட்டது. கணக்கிடும் கருவிகளிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டிகள் வரை அங்கு உற்பத்தியாயின. 2006ஆம் ஆண்டு தனியார் எஃப்.எம். நிலையங்களும் ஒலிபரப்பில் இறங்கின.

இப்பாரம்பரியத்தின் மறுபக்கத்தை நகரின் கடைவீதிகளில் காணலாம். கோட்டியிலுள்ள குஜராத்தி கல்லியில் ஒலிக்கருவிகளும் உதிரி உறுப்புக்களும், புத்லிபௌலியிலும் செகந்தராபாத் ராணிகஞ்சிலும் வாகன உறுப்புக்களும் கிடைக்கின்றன. பழைய ஸ்டீரியோவைக் கழற்றி, பழுது நீக்கி, புதிய உறுப்பைப் பொருத்தித் தரும் தொழிலாளர்கள் இத்தகைய வீதிகளை நம்பி வாழ்கிறார்கள். பள்ளியில் மின்னணுவியல் பயிலாதவர்களும் கைப்பழக்கத்தால் தேர்ச்சி பெறும் தொழில் இது. கைப்பழக்கத்துடன் காரண அறிவும் சேருமாயின் வேலை நீடித்து நிற்கும், விபத்தும் நேராது.

புளூடூத் என்பது யாது?

கைப்பேசியிலிருந்து ஒலி கம்பியின்றி வந்து சேர்வதற்குப் பயன்படும் முறை புளூடூத் எனப்படும். சுவீடன் நாட்டிலுள்ள லுண்ட் நகரில் எரிக்ஸன் நிறுவனத்தின் பொறியியல் நிபுணர்கள் 1994ஆம் ஆண்டில் இதற்கான ஆராய்ச்சியைத் தொடங்கினர். யாப் ஹார்ட்சன், ஸ்வென் மாட்டிஸன் ஆகிய இருவரும் இதில் முக்கியப் பங்கு கொண்டவர்கள். 1998ஆம் ஆண்டு எரிக்ஸன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், டோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களும் கூடிப் பொது அமைப்பொன்றை ஏற்படுத்தின. பிளவுபட்டிருந்த டேனிஷ் மக்களை ஒன்றுசேர்த்த பத்தாம் நூற்றாண்டு மன்னர் ஹரால்டின் பட்டப்பெயரே இம்முறைக்குப் பெயராயிற்று.

இதில் பயன்படும் அலைகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டவை. அவற்றின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். இதனினும் மிகக் குறுகிய, மில்லிமீட்டர் அளவான மின்காந்த அலைகளை 1890களிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் உண்டாக்கிக் காட்டினார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் குறைந்த சக்தியுடன் இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அரசு விதி வகுத்தது. ஆகவேதான் வீட்டிலும் காரிலும் எவரும் தடையின்றி இக்கருவிகளை உபயோகிக்க முடிகிறது.

அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட வெளியில் நெரிசல் ஏற்படுவது இயல்பு. வைஃபை கருவிகளும் நுண்ணலை அடுப்புக்களும் இதே பகுதியில்தான் இயங்குகின்றன. இந்நெரிசலைச் சமாளிக்க, புளூடூத் கருவி ஒரே அலைவரிசையில் நிற்பதில்லை. 79 அலைவரிசைகளுக்கிடையே விநாடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே செல்லுகிறது. ஓரிடத்தில் இடையூறு இருப்பினும் அடுத்த தாவலில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் ஒரே வரிசையில் தாவ வேண்டும் என்பதே இதன் நிபந்தனை. கைப்பேசியையும் காரையும் முதன்முறை 'ஜோடி சேர்க்கும்போது' இருபுறமும் ஒன்றையொன்று அறிந்துகொண்டு, பின்னர் பிறர் குறுக்கிடாதவாறு தொடர்பு கொள்ள வழி செய்துகொள்கின்றன.

இசையைச் சுருக்கும் வித்தை

சி.டி.யின் தரத்தில் இசையை எண்களாக மாற்றினால், விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றிலும் 16 பிட்டுகள், இடம் வலம் என இரு பாதைகள். ஆக விநாடிக்கு 14,11,200 பிட்டுகள் ஆகின்றன. தொடக்ககாலப் புளூடூத் இணைப்பின் மொத்தக் கொள்திறனே விநாடிக்குப் பத்து லட்சம் பிட்டுகள்தாம். எனவே இசையைச் சுருக்கி அனுப்புவது அவசியமாயிற்று. 2003ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட ஏ.டூ.டி.பி. என்னும் ஏற்பாட்டின்படி, ஒலியைச் சிறு அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் தேவையான அளவு பிட்டுகளை மட்டும் ஒதுக்குகிறார்கள். உயர்ந்த தரத்தில் விநாடிக்குச் சுமார் 3,28,000 பிட்டுகள், அதாவது மூலத்தில் கால் பங்குக்கும் குறைவு, போதுமானவையாகின்றன. ஓடும் காரில் என்ஜினும் சாலையும் எழுப்பும் இரைச்சலுக்கிடையே இந்தச் சுருக்கத்தால் நேரும் குறையைச் செவி உணர்வது அரிது.

சுருக்கி விரிப்பதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. கைப்பேசியில் தோன்றும் ஒலி ஸ்டீரியோவில் கேட்க ஒரு விநாடியில் ஐந்திலொரு பங்கு தாமதமாகலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதற்குள் 3.3 மீட்டர் நகர்ந்துவிடும். வழிகாட்டும் குரலுக்கு இது ஒரு பொருட்டன்று.

ஐந்து வழிகள்

பழைய ஸ்டீரியோவுக்குள் இவ்வொலியைச் செலுத்த ஐந்து வழிகள் உள்ளன. எந்த வழி உகந்தது என்பது ஸ்டீரியோவின் அமைப்பைப் பொறுத்தது.

முதலாவது, ஆக்ஸ் எனப்படும் துணை நுழைவாய் உள்ள ஸ்டீரியோ. இதில் 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்றிருக்கும். சிறிய புளூடூத் பெறுங்கருவியொன்றை அதில் செருகினால் வேலை முடிந்தது. காரைப் பிரிக்க வேண்டியதில்லை, தரமும் நன்று. ஆகவே எவ்வேலையையும் தொடங்குமுன் ஸ்டீரியோவின் முகப்பு, கைப்பெட்டியின் உட்புறம், இருக்கைகளுக்கிடையேயுள்ள மேடை ஆகிய இடங்களில் இத்துளை இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நலம்.

இரண்டாவது, சி.டி. மாற்றிக்கான இணைப்பு. சில தொழிற்சாலை ஸ்டீரியோக்களில், காரின் பின்பெட்டியில் பல சி.டி.க்களை அடுக்கிவைக்கும் மாற்றி ஒன்றைச் சேர்ப்பதற்கென முதுகுப்புறத்தில் இணைப்பு உண்டு. ஸ்டீரியோ அவ்விணைப்பின் வழியே 'மாற்றி இருக்கிறதா?' என்று எண்வடிவில் வினவுகிறது. இதற்கெனத் தயாரான இடைக்கருவி 'இருக்கிறேன்' என்று மாற்றியைப் போலவே மறுமொழி தருகிறது. ஸ்டீரியோ அதை நம்பி வாயிலைத் திறக்க, புளூடூத் ஒலி உள்ளே நுழைகிறது. வினாவும் விடையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், காரின் மாதிரிக்கும் ஆண்டுக்கும் பொருந்தும் இடைக்கருவியையே வாங்க வேண்டும்.

மூன்றாவது, காசெட் வடிவப் பொருத்தி. காசெட் ஸ்டீரியோவில் காந்த நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு காந்தத் தலையை உரசிச் செல்லும். பொருத்தியில் நாடா இல்லை. அதற்குப் பதில் மற்றொரு காந்தத் தலை இருக்கிறது. அது ஸ்டீரியோவின் தலையை எதிர்கொண்டு நின்று, மாறும் காந்தப்புலத்தால் ஒலியைக் கைமாற்றுகிறது. உள்ளே சிறு பற்சக்கரங்கள் சுழல்வது, நாடா ஓடுகிறதென்று யந்திரத்தை நம்பச் செய்வதற்காகவேயாம். அவை நின்றால் ஸ்டீரியோ காசெட்டைத் திருப்பவோ வெளியே தள்ளவோ முற்படும்.

நான்காவது, எஃப்.எம். பரப்பி. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் இக்கருவி, புளூடூத்தில் பெற்ற ஒலியை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எஃப்.எம். அலையாக மாற்றிக் காருக்குள் பரப்புகிறது. ஸ்டீரியோ அதனை ஒரு வானொலி நிலையமென்றே கொள்கிறது. இது மிக எளிது. ஆயினும் தரத்தில் கடைசி. ஹைதராபாத்தில் 91.1, 92.7, 93.5, 98.3 மெகாஹெர்ட்ஸ்களில் தனியார் நிலையங்களும், 101.9, 102.8 மெகாஹெர்ட்ஸ்களில் அரசு வானொலியும் பலமாகக் கேட்கின்றன. இவற்றிற்கு இடையே வேறு நிலையமும் இல்லாத வெற்றிடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். நகரில் வெற்றாக இருந்த இடம் விஜயவாடா சாலையிலோ மும்பை சாலையிலோ வெகுதூரம் சென்றபின் வேறொரு நிலையத்தால் நிரம்பியிருக்கக் கூடும். ஓடும் காரில் புதிய இடம் தேடிப் பொத்தானை அழுத்துவது ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்கும் என்பதே இம்முறையின் பெருங்குறை.

ஐந்தாவது, ஸ்டீரியோவைத் திறந்து உள்ளேயே இணைப்பது. மேற்கூறிய வாயில்கள் ஏதும் இல்லாதபோது இதனைக் கையாள்வார்கள். இதுவே கடைவீதித் தொழிலாளியின் திறமைக்கு உரைகல்.

உள்ளிணைப்பின் நுட்பம்

ஸ்டீரியோவினுள் வானொலி, காசெட், சி.டி. ஆகியவற்றின் ஒலிகள் யாவும் ஒரு தேர்வுச் சில்லில் வந்து கூடுகின்றன. எந்த ஒலியை அனுமதிப்பது, எவ்வளவு உரக்க ஒலிப்பது என்பதை அச்சில்லே நிர்ணயிக்கிறது. சில்லின் மேல் அச்சிடப்பட்டுள்ள எண்ணைக் கொண்டு அதன் விவரத்தாளைப் பெற்று, எந்தக் கால் எந்த ஒலிக்குரியது என்று அறிய வேண்டும். பின்னர் சி.டி. அல்லது காசெட்டுக்குரிய கால்களில் புளூடூத் பலகையின் இட, வல வெளியீடுகளைப் பற்றவைக்க வேண்டும்.

காசெட் பாதையில் இணைப்போர் ஒன்றை மறத்தலாகாது. காந்தத் தலை தருவது மில்லிவோல்ட்டிலும் குறைந்த மின்னழுத்தம். புளூடூத் பலகை தருவதோ அதைப்போல் ஆயிரம் மடங்கு. எனவே முதற்பெருக்கிக்கு முன்னால் இணைத்தால் ஒலி முற்றிலும் சிதையும். முதற்பெருக்கியைக் கடந்த பின்னரே இணைக்க வேண்டும்.

சில்லின் கால்களில் நிலையான மின்னழுத்தமும் இருக்கும். அது புளூடூத் பலகைக்குள் பாயாதிருக்க, ஒவ்வொரு பாதையிலும் ஒரு மின்தேக்கி தேவை. நுழைவாயின் தடை 10,000 ஓம் என்றால் 2.2 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போதும். அது சுமார் 7 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வுகளையே குறைக்கும். மனிதச் செவி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்பதில்லையாதலால் இசைக்கு நஷ்டமில்லை.

சி.டி. ஓடினாலன்றிச் சில்லு சி.டி. வாயிலைத் திறக்காது. ஆகவே ஒலியேதும் பதியாத வெற்று இசைத் தட்டொன்றை ஓடவிட்டு, அதன் மௌனத்தின் மேல் புளூடூத் ஒலியை ஏற்றுவது வழக்கம். காசெட் ஸ்டீரியோவாயின், காசெட் உள்ளே இருப்பதை அறிவிக்கும் சிறு சுவிட்சை இணைத்துவிட்டுக் காரியம் முடிப்போரும் உண்டு.

இன்னொரு நுட்பமும் கவனத்துக்குரியது. ஸ்டீரியோவின் உறை உலோகத்தாலானது. உலோகப் பெட்டிக்குள் அடைபட்ட புளூடூத் பலகை கைப்பேசியைக் கேட்க முடியாது. அலைநீளத்தில் நான்கிலொரு பங்கான சுமார் 3 சென்டிமீட்டர் கம்பியை ஏரியலாக வெளியே நீட்டுவது, அல்லது பலகையையே பிளாஸ்டிக் முகப்பின் பின்புறம் அமைப்பது இதற்குப் பரிகாரம்.

சீழ்க்கையொலியின் காரணம்

வேலை முடிந்ததும் பலர் கூறும் குறை ஒன்றுண்டு. என்ஜின் வேகத்துடன் கூடிக் குறையும் சீழ்க்கை போன்ற ஒலி பாட்டுடன் கலந்து கேட்கும். காரின் இரும்புச் சட்டமே எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான திரும்புபாதை. ஆல்டர்னேட்டரின் மின்னோட்டம் அச்சட்டத்தில் பாயும்போது, ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் இடையே சில மில்லிவோல்ட் வேற்றுமை தோன்றும். புளூடூத் கருவி ஓரிடத்திலும் ஸ்டீரியோ வேறிடத்திலும் பூமி இணைப்புப் பெறின், இவ்வேற்றுமை ஒலிக்கம்பியின் வழியே உட்புகும். இசை 500 மில்லிவோல்ட், இரைச்சல் 5 மில்லிவோல்ட் என்றால் விகிதம் நூற்றுக்கு ஒன்றுதான். ஆயினும் மெல்லிய பாட்டின் இடைவெளியில் அது தெளிவாகக் கேட்கும்.

இரண்டையும் ஒரே இடத்தில் பூமிக்கு இணைப்பது முதற்பரிகாரம். அதனால் நீங்காவிடில், சம சுற்றுக்கள் கொண்ட சிறு டிரான்ஸ்ஃபார்மரை ஒலிப்பாதையில் வைக்கலாம். அது உலோகத் தொடர்பை அறுத்து, ஒலியை மட்டும் காந்தவழியாகக் கடத்துகிறது.

பாதுகாப்பே முதன்மை

இவ்வேலையில் உண்மையான ஆபத்து இசை கெடுவதன்று, கம்பி எரிவதாகும். காரின் பேட்டரி 12 வோல்ட்தான் என்று அலட்சியம் செய்தலாகாது. குறுக்கிணைப்பு நேரின் அது நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைத் தள்ளவல்லது. மெல்லிய கம்பி கணத்தில் பழுக்கக் காய்ந்து, அருகிலுள்ள பிளாஸ்டிக்கையும் துணியையும் பற்றவைக்கும். புளூடூத் பலகைக்குத் தேவைப்படுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. ஆகவே மின்சாரம் பிரியும் இடத்துக்கு மிக அருகிலேயே 1 ஆம்பியர் பியூஸ் ஒன்றைப் போடுவது இன்றியமையாதது. கம்பியின் மறுகோடியில் பியூஸ் வைப்பதால் இடைப்பட்ட கம்பிக்குக் காப்பில்லை.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். எப்போதும் உயிருள்ள கம்பியிலிருந்து எடுத்தால், கார் நிற்கும்போதும் மின்சாரம் செலவாகிக்கொண்டே இருக்கும். 20 மில்லிஆம்பியர் என்பது அற்பமாகத் தோன்றலாம்; ஆயின் அது 30 நாட்களில் 14.4 ஆம்பியர்-மணியைக் குடித்துவிடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். ஊர் சென்று திரும்புபவரின் கார் கிளம்பாமற் போவதற்கு இதுவே காரணமாகலாம். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் கம்பியிலிருந்தே எடுக்க வேண்டும். கம்பியின் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்தறிவது நலம். நிறங்கள் காருக்குக் கார் மாறும்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்ற வேண்டும். அதற்கு முன்னர் ஸ்டீரியோவின் ரகசிய எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் அற்றுப்போனால் அவ்வெண் இன்றித் திறக்காத ஸ்டீரியோக்கள் பல. டாஷ்போர்டின் பின்னால் மஞ்சள் உறையிட்ட கம்பிகள் தென்பட்டால் அவை காற்றுப் பைக்குரியவை. அவற்றை அளக்கவும் கூடாது, தொடவும் கூடாது.

ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. மூடி நிறுத்திய காரின் உட்புறமோ 60 டிகிரியையும் எட்டக்கூடும். லித்தியம் பேட்டரி அடங்கிய பெறுங்கருவியை இத்தகைய வெப்பத்தில் விட்டுவைத்தல் தகாது. காரின் மின்சாரத்திலேயே இயங்கும், பேட்டரியற்ற கருவியே டாஷ்போர்டுக்கு ஏற்றது.

சாலையில் ஒழுங்கு

கம்பியில்லா ஒலியின் பெரும்பயன், கைப்பேசியைக் கையிலெடுக்கும் அவசியத்தைக் குறைப்பதாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்து உபயோகிப்பது அபாயகரமாக ஓட்டுதலில் அடங்கும். முதற்குற்றத்துக்கே 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எனினும் கை ஓய்ந்தாலும் மனம் ஓயவில்லையாயின் பயனில்லை. பாட்டுக்களையும் வழியையும் கிளம்புமுன்னரே தேர்ந்து வைத்துக்கொண்டு, பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலி செவியில் விழும் அளவுக்கு மட்டும் ஸ்டீரியோவை ஒலிக்கவிடுவதே முறை.

பழையதைப் பேணுவதன் பயன்

புதிய ஸ்டீரியோவை வாங்கி மாட்டுவது எளிதன்றோ என்று கேட்கலாம். 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட சர்வதேச அளவுத் துளையுள்ள காரில் அது எளிதே. டாஷ்போர்டுடன் ஒன்றாக வார்க்கப்பட்ட தொழிற்சாலை ஸ்டீரியோவில் அவ்வாறன்று. அதை அகற்றினால் முகப்பில் பொருந்தாத ஓட்டை மிஞ்சும். ஸ்டீரிங்கிலுள்ள பொத்தான்கள் செயலிழக்கலாம். சில கார்களில் கடிகாரமும் எச்சரிக்கைத் திரையுங்கூட உடன் மறைந்துவிடும்.

கழற்றி எறியப்படும் ஒவ்வொரு ஸ்டீரியோவிலும் செம்பும் ஈயமும் பிளாஸ்டிக்கும் அடங்கியுள்ளன. மின்னணுக் கழிவுகளை முறையாகக் கையாளுவதற்கென 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நாட்டில் நடைமுறையிலுள்ளன. கழிவை முறைப்படி அழிப்பதைவிட, கழிவாகாமல் தடுப்பது மேலானது. ஒலிபெருக்கியும், பெருக்கிச் சுற்றும், வானொலிப் பகுதியும் செம்மையாக இருக்கையில், உட்கொள்ளும் வாயில் ஒன்று இல்லை என்பதற்காக முழுக் கருவியையும் எறிவது சிக்கனமாகாது. ஒரு சிறு பலகை, இரண்டு மின்தேக்கிகள், ஒரு பியூஸ், விவரத்தாளைப் படித்தறியும் பொறுமை ஆகிய இவற்றைக்கொண்டு தேர்ந்த தொழிலாளி ஒருவர் அக்கருவிக்கு மேலும் பல்லாண்டு ஆயுள் அளிக்க முடியும்.